கெர்ட்ரூட் நாள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் என் வகுப்புக்கும் கெர்ட்ரூடின் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நாள் முழுக்க அவள் குரல் என் காதில் விழுந்துகொண்டிருக்கும். கத்த மாட்டாள். ஆனாலும் கடைசி வரிசையில் தூங்கி வழிகிற பிள்ளைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வண்டி போகும்போதும் பேச்சை நிறுத்தாத குடும்பம் அது. இந்தக் குரலைத்தான் ஒரு இரும்பாலை சில வருடங்கள் தனக்காக வைத்துக்கொண்டது. அங்கே நடந்ததை அவள் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மைலோ கலக்கும்போது கொஞ்சம், பள்ளி விட்டபின் பெருக்கும்போது கொஞ்சம் என்று சொன்னாள். அவள் விட்ட சில இடங்களை அவள் கணவர் லியனார்ட் பின்னால் எனக்குச் சொன்னார்.

கல்யாணமாகி அவள் துறைமுக நகரான கிள்ளானுக்குப் போனாள். லியனார்டுக்குக் காப்பார் சாலையில் 'செலாட் பெசி' என்ற ஆலையில் வேலை. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிற ஆலை அது. தொண்ணூற்று இரண்டில் ஆலைக்காரர்கள் பழைய இரும்பை வாங்குவதோடு நிற்காமல், கல்லிலிருந்து இரும்பைத் தாங்களே எடுப்பது என்று முடிவு செய்து ஒரு சூளை கட்டினார்கள். சாய்வாகப் படுக்கவைத்த நீளமான எஃகுக் குழாய். மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். ஒரு முனையில் இரும்புக் கல்லும் கரியும் போகும். மறுமுனையில் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு மாதிரி இரும்பு வந்து விழும். லியனார்ட் அந்தச் சூளையின் ஆப்பரேட்டர்.

அந்த வருடம் ஆலையின் குடும்ப தினத்தில் மைக் பழுதாகிவிட்டது. பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கெர்ட்ரூட் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கூப்பிட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சாக்கு ஓட்டத்தை நடத்தி முடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சண்முகரத்தினம். ஆலையின் தலைமை எஞ்சினியர், சூளையைக் கொண்டுவந்தவர். அவரும் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம்.

"மிசஸ் லியனார்ட், எங்களுக்கு ஒரு ஆள் வேணும்," என்றார். "சூளையைப் பாக்க ஆக்கள் வரப்போறாங்கள். அவங்களுக்கு விளங்கச் சொல்லோணும். நான் சொன்னால் எல்லாரும் நித்திரை கொண்டுவிடுவாங்கள்."

"எனக்கு சயின்ஸ் தெரியாது சார். நான் தடிக்கா டீச்சர், சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவ."

"அதுதான் வேணும்."

மத்தியானங்களில் கேண்டீன் மேசையில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து வைத்தார். மண்ணுக்குள் இரும்பு இப்படித்தான் கிடக்கிறது, ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பிடியை விடுவிக்கக் கரி வேண்டும். சூட்டில் கரி ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு புகையாகப் போய்விடும். இரும்பு தனியாக நிற்கும். உலகமெல்லாம் இதற்கு நிலக்கரிதான்.

"அந்தப் புகை எங்க சார் போகும்?"

"மேல. அங்கயே நிக்கும். உலகம் சூடாகுதெண்டு பிரேசிலில எல்லா நாட்டுக்காரரும் கூடிப் பேசினாங்களே, அதுதான். இரும்பு செய்யிறவன் அதில பெரிய பங்காளி." பிறகு கைப்பையிலிருந்து, பாமாயில் எடுக்கும் செம்பனைக் கொட்டையின் ஓடுகளைக் கொட்டினார். "எங்களிட்ட இது மலையாக் கிடக்குது. மில்காரன் எறியிறான். இதைச் சுட்டுக் கரியாக்கினால் நிலக்கரி தேவையில்லை."

"இதுவும் எரிஞ்சா புகைதானே சார்?"

அவர் சிரித்தாராம். நல்ல கேள்வி கேட்டால் அவருக்கு முகமே மாறிவிடும். "புகைதான். ஆனா இந்தப் புகையை நாளைக்கு இன்னொரு செம்பனை இழுத்துக்கொள்ளும்."

வீட்டுக்குப் போய் அதைத் தன் பேச்சாக மாற்றினாள். 'நிலக்கரி கோடி வருஷமா மண்ணுக்கடியில தூங்கிட்டு இருந்தது. அதை எழுப்பி வெளிய விட்டுட்டா, திரும்பப் படுக்க அதுக்கு இடம் கிடையாது, வானத்துலயே சுத்தும். செம்பனை அப்படியில்ல. போன வருஷம் காத்துல இருந்ததுதான் இந்த வருஷம் ஓடு ஆச்சு. நாம எரிக்கிறோம், அது திரும்ப மரத்துக்குள்ள போகுது.' சாயங்காலம் லியனார்ட் தேநீர் குடிக்கும்போது அவருக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பாள். அவர் திருத்துவார். "ஆயிரம் டிகிரி சொல்லு. ஆனா இரும்பு உருகாது. உருகினா ஒட்டிக்கும் லா. அதையும் சொல்லு, கேப்பாங்க." அவள் சொல்லிக் காட்டும்போது சில சமயம் கைதட்டுவாராம். தங்களுக்குக் குழந்தை இல்லாத குறை அந்த நேரங்களில் மறந்துபோனது என்று அவள் சொன்னாள். புருஷன் செய்கிற வேலையை மனைவி ஊருக்கு எடுத்துச் சொல்கிறாள் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கேரி தீவிலிருந்து தோட்ட நிர்வாகிகள், அமைச்சிலிருந்து அதிகாரிகள், கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கியிலிருந்து வெள்ளைக்காரர்கள். வாசலுக்குப் பக்கத்தில் மலைபோல் குவித்திருந்த செம்பனை ஓட்டிலிருந்து ஆரம்பித்து, சூளையின் வாய் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். மஞ்சள் தலைக்கவசத்தோடு அவள் நிற்கிற படம் ஆலையின் நாட்காட்டியில் வந்தது. பிறகு ஒரு வீடியோ எடுத்தார்கள். மூன்று மொழியிலும் அவளே பேசினாள்.

தொண்ணூற்று ஐந்தில் இரண்டாவது சூளை கட்ட ஏற்பாடானது. ஆலை வேலிக்குப் பின்னால் குறைந்த விலை வீடுகள் வரிசையாக இருந்தன. ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதால் அங்கிருந்து வெளியே வந்த குடும்பங்கள் அதிகம். இன்னொரு சூளை வேண்டாம் என்று அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பை நடத்தியது இராஜம்மா. வீட்டு முன்னால் தோசைக் கடை போட்டிருந்தவர். காலையில் வேலைக்குப் போகிற வழியில் கெர்ட்ரூட் அங்கேதான் சாப்பிடுவாள். கடைக்கு வருகிற மற்றப் பெண்களை 'மிஸ்ஸி' என்பவர், அவளை மட்டும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

குடியிருப்பின் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சண்முகரத்தினம் படங்களைக் காட்டிப் பேசினார். யாரும் அசையவில்லை. பிறகு கெர்ட்ரூட் எழுந்து, தூங்கும் நிலக்கரியின் கதையைச் சொன்னாள். கூட்டம் அடங்கிக் கேட்டது. இராஜம்மா மட்டும் எழுந்து நின்றார்.

"கம்பெனிக்காரன் சொல்றத நான் நம்பல. நீ சொல்லு கண்ணு. நிலக்கரி உள்ள வராதா?"

"வராதுக்கா."

"உனக்கு ஒரு புள்ள இருந்தா இந்த வேலிப் பக்கத்துல வச்சு வளப்பியா?"

"வளப்பேன்க்கா."

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா."

இராஜம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது சூளை வந்தது.

சில மாதம் கழித்து ஒரு காலை, தோசையைத் திருப்பிப் போட்டபடி இராஜம்மா சொன்னார்: "ஏன் கண்ணு, என்னமோ நாத்தம் வருது. தீபாவளிக்கு மறுநாள் காலைல வருமே, வெடிமருந்து நாத்தம், அந்த மாதிரி. கொடில போட்ட துணியில கறுப்பா தூள் படியுது."

அன்று மாலை லியனார்டைக் கேட்டாள். அவர் காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "பக்கத்து ஃபேக்டரில பழைய டயரு எரிக்கிறானுங்க. அதுவா இருக்கும்."

மறுநாள் அதையே அவள் இராஜம்மாவிடம் போய்ச் சொன்னாள். இராஜம்மாவும் தலையாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூட ஆசிரியர்களை வாசல் குவியலுக்கு முன்னால் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். 'இந்தக் குவியல் தினமும் கரையும், தினமும் லோரியில புதுசு வரும்' என்று சொல்கிற இடம். சொல்லிக்கொண்டே திரும்பினால், குவியலின் மேலே செம்பனைக் கன்றுகள் நிற்கின்றன. உடையாமல் ஓட்டோடு கலந்துவந்த கொட்டைகள் முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டன. தினமும் கரைகிற குவியலில் கன்று எப்படி முழங்கால் உயரம் வளரும்? வாய் பழக்கத்தில் மிச்சப் பேச்சைப் பேசி முடித்தது. அவள் மனது அங்கேயே நின்றுவிட்டது.

வருகையாளர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஆனால் சூளை நிற்காது. அந்த ஞாயிறு லியனார்டுக்கு வேலை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அவள் ஆலைக்குப் போனாள். வாசல் வழியாகப் போகாமல் துறைமுகத்துப் பக்கமிருந்த பின்கேட்டுக்குப் போனாள். அந்தப் பாதையில் தார்ப்பாய் மூடிய லோரிகள் போவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். காப்பார் மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரி என்று நினைத்திருந்தாள். அதில் ஒன்று அவளுக்கு முன்னால் ஆலைக்குள்ளேயே திரும்பியது.

உள்ளே கொட்டகைக்குப் பின்னால் நிலக்கரி குவிந்திருந்தது. ஓட்டுக்கரி தேய்ந்து மங்கலாக இருக்கும். இது வெயிலில் மினுங்கியது. வாளி இயந்திரம் அள்ளி அள்ளிச் சூளைக்கு ஏற்றும் பட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஃபோர்மன் வேலாயுதம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டீச்சர், இன்னிக்கு ஹரி கெர்ட்ரூட் இல்லையே லா?"

பின்னாலிருந்த மலாய் இளைஞன் ஒருவன் சிரித்தான். அவளுக்குப் புரியவில்லை.

"என்னாண்ணே சொல்றீங்க?"

வேலாயுதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "லியோ சொல்லலியா? நீங்க விசிட்டர் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மட்டும்தான் ஓட்டுக்கரி போடுவோம். பசங்க அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கானுங்க… நோன்புப் பெருநாளை ஹரி ராயான்னு சொல்றோமே, அது மாதிரி ஹரி கெர்ட்ரூட். கெர்ட்ரூட் நாள். சும்மா தமாஷுக்கு, டீச்சர். நாங்க நினைச்சோம் உங்களுக்குத் தெரியும்னு."

சூளைக்கு மேலிருந்த மேடையில் லியனார்ட் நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கி வரவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவை வேலாயுதத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்து வந்துவிட்டாள்.

வீட்டில், மதிய வெயில் ஹாலில் விழுந்திருக்க, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பேர்ந்து லியோ?"

"முதல் எட்டு மாசம் ஓடுதான் கெர்ட்டி. சத்தியமா. அப்புறம்தான்."

"அப்புறம்னா ரெண்டு வருஷத்துக்கு மேல. நான் இங்க நின்னு பேசிக் காட்டினேன். நீங்க உக்காந்து கைதட்டினீங்க."

"சொல்லக் கூடாதுன்னு சண்முகரத்தினம் சார் சொன்னாரு. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்னாரு." அவர் அழ ஆரம்பித்தார். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதை நான் எப்படிக் கெடுப்பேன்?"

"டயரு எரிக்கிறானுங்கன்னு சொன்னீங்களே. அத நான் இராஜம்மாக்கா கிட்டப் போயி சொன்னேன் லியோ."

திங்கட்கிழமை அவள் சண்முகரத்தினத்தின் அறைக்குப் போனாள். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டுக்கரிச் சாம்பல் சூளைச் சுவரில வளையம் வளையமா ஒட்டிப்பிடிச்சிது. அடிக்கடி நிப்பாட்டி உடைக்க வேண்டியிருந்தது. அதைச் சரி பண்ணலாம், நேரம் தாங்கோ எண்டு கேட்டன். மேலிடம் தரேல்லை. இப்போதைக்கு நிலக்கரி போட்டு ஓட்டு, பிறகு பாப்பம் எண்டாங்கள்."

"என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அதே மாதிரிப் பேசியிருப்பீங்களோ?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்கள் சொல்லுறது பொய்யில்லை கெர்ட்ரூட். கொஞ்சம் முந்திச் சொல்லுறீங்கள், அவ்வளவுதான்."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் எனக்குச் சொன்னபோது கையில் மைலோ கலக்கிய கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் குரலைப் பாத்து வேலைக்கு எடுத்தாருன்னு நினைச்சேன். எதைச் சொன்னாலும் நம்புவேன்னு பாத்துதான் எடுத்திருக்காரு." அன்றே வேலையை விட்டுவிட்டாள்.

ஆலை வாசலிலிருந்து நேராக இராஜம்மா வீட்டுக்குப் போனாள். மத்தியானம், கடை மூடியிருந்தது. இராஜம்மா மறுநாளைக்கு மாவு அரைக்க அரிசி களைந்துகொண்டிருந்தார். கெர்ட்ரூட் எல்லாவற்றையும் சொன்னாள். இராஜம்மா கையை உதறிவிட்டுக் கேட்டார்:

"நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரியாமக்கா. மாதா மேல…"

"மாதாவ விடு. அவங்கள ஒரு தடவ கூப்பிட்டது போதும்." அரிசித் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். "தெரிஞ்சு சொன்னதும் தெரியாம சொன்னதும் உனக்குத்தான் வேற வேற. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உன்னை வச்சுத்தான் நான் உக்காந்தேன். என்னை வச்சு இந்த லைன் பூரா உக்காந்திச்சு."

ஆனாலும் இராஜம்மா சும்மா இருக்கவில்லை. குடியிருப்பு முழுக்க அரசாங்கத்துக்குப் புகார் கொடுத்தது. கெர்ட்ரூடும் அவர்களோடு அலைந்தாள். கடைசியில் பரிசோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. வருகிற நாள் ஆலைக்கும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருந்தது.

முந்தின நாள் கெர்ட்ரூட் லியனார்டிடம் சொன்னாள். சண்டைக்குப் பிறகு அவரோடு அவள் முழுதாகப் பேசியது அன்றுதான். "நாளைக்கு உங்களைக் கேப்பாங்க. உங்க சூளை. இருக்கிறத சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். நான் தடிக்கா நடத்தி சோறு போடுறேன்." லியனார்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்றேன் கெர்ட்டி," என்றார். அவர் மனதார அதைச் சொன்னதாகத்தான் என்னிடமும் சொன்னார். நான் அதை நம்புகிறேன்.

மறுநாள் காலை பின்பக்கத்துக் கொட்டகை கழுவி விட்டிருந்தது. நிலக்கரி ஒரு துண்டு இல்லை. வாசல் குவியலின் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த இருவரையும் உள்ளே சுற்றிக் காட்டிவிட்டு, வாசலில் காத்திருந்த குடியிருப்பு மக்களுக்கு முன்னால் சண்முகரத்தினம் அழைத்து வந்தார். வேலாயுதமும் லியனார்டும் கூட வந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி லியனார்டிடம் மலாயில் கேட்டார், சூளைக்கு என்ன போடுகிறீர்கள் என்று.

லியனார்ட் வேலிக்கு வெளியே மக்களோடு நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"செம்பனை ஓடு, துவான்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும், துவான்."

கெர்ட்ரூட் முன்னால் போனாள். "பொய், துவான். பின்பக்கம் நிலக்கரி மலையா இருந்தது. நான் என் கண்ணால பாத்தேன்." அவள் குரல் அந்த வேலி முழுக்கக் கேட்டது. வந்தவர் சண்முகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சண்முகரத்தினம் நிதானமாக, மரியாதையாக மலாயில் சொன்னார்: "இவர் எங்களிடம் வழிகாட்டியாக இருந்தவர், துவான். கோபத்தில் வேலையை விட்டுப் போனார். தொழில்நுட்ப விஷயம் இவருக்குத் தெரியாது. இரண்டு கரியும் பார்க்கக் கறுப்புதானே. குழம்பியிருப்பார்."

அவர் அவளுக்குத் துருப்பிடித்த ஆணியைக் காட்டிப் பாடம் சொன்னவர். அவள் கேட்ட கேள்விகளுக்கு முகம் மலர்ந்தவர். புருஷன் பயத்தில் பொய் சொன்னார். அதையாவது அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. இவர் அவளுக்குக் கொடுத்ததையே எல்லோர் முன்னாலும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். வந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். மக்கள் கலைந்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே ஒரு பெட்டியோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, அவளுடைய அக்கா ஜோசஃபின் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறு மாதம் எங்கள் பாலர் பள்ளியில் சேர்ந்தாள். அப்போதிலிருந்துதான் எனக்கு அவளைத் தெரியும். பிள்ளைகளிடம் கலகலப்பாக இருப்பாள். பெரியவர்கள் ஏதாவது சொன்னால் ஒரு நொடி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவள் போனாலும் அவள் குரல் ஆலையிலேயே இருந்தது. வருகையாளர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் நடந்த ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர், "மஞ்சள் தொப்பில ஜம்முனு இருந்தே லா!" என்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவள் மறுநாளே விடுப்பெடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய், டேப்பைக் கொடுத்துவிடச் சொன்னாள். அது கம்பெனிச் சொத்து என்று வரவேற்பறையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது உள்ளே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டிருந்தார்களாம். கதவுக்கு வெளியே நின்று தன் குரலைத் தானே கேட்டுவிட்டு வந்தாள். "நல்லா இருந்துச்சு," என்றாள் என்னிடம். "கேட்டா எனக்கே நம்பணும் போல இருந்துச்சு. அதான் தாங்க முடியல."

தொண்ணூற்று எட்டில் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. கட்டட வேலைகள் நின்றன. கம்பி வாங்க ஆளில்லை. செலாட் பெசி மூடிக்கொண்டது. புகைக்காக யாரும் அதை மூடவில்லை. லியனார்ட் வேலையில்லாமல் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். பல ஞாயிறுகள் பூசையில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பிறகு ஒரு ஞாயிறு ஜோசஃபின் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அப்படியே வாடகை வீடு ஒன்று பார்த்து இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். இப்போது ஒரு கட்டடத்தில் மின்தூக்கிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்ததும் அன்று நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்: யார் திட்டினது, யார் தாமதமாக வந்தது, என்ன சாப்பிட்டது. கெர்ட்ரூட் உட்கார்ந்து கேட்பாள். "நம்புறீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "கேக்குறேன்," என்றாள்.

போன வருடம் சண்முகரத்தினம் எங்கள் பள்ளிக்கே வந்தார். மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகவிருந்தார். அதற்கு முன் அவளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. பிள்ளைகள் போன பிறகு, குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் மடங்க உட்கார்ந்துகொண்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். போக வேண்டாம் என்று கெர்ட்ரூட் கண்ணைக் காட்டியிருந்தாள்.

"நான் உங்களுக்குச் செய்தது பிழை," என்றார். "வாசலில சொன்னது பெரிய பிழை. ஒண்டு சொல்லோணும் எண்டுதான் வந்தன். அந்த வளையம்… பிறகு நான் வீட்டில இருந்து யோசிச்சுப் பாத்தன், சின்னதாச் செய்தும் பாத்தன். ஓட்டைச் சுடமுந்தித் தண்ணியில ஊறவைச்சுக் கழுவியிருந்தாலே போதும். அதில இருக்கிற உப்புத்தான் ஒட்டிப்பிடிக்குது. கழுவினால் ஒட்டாது. ஓட்டுக்கரியில இரும்பு வரும். நல்லா வரும். நீங்கள் சொன்னதெல்லாம் சரி, கெர்ட்ரூட்."

அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் வந்திருக்க வேண்டும்.

"கழுவியிருந்தா போதுமா?" என்றாள் கெர்ட்ரூட்.

"ஓம்," என்று தலையாட்டினார்.

"அப்ப அது உண்மையாவே நடந்திருக்கும்."

"ஓம். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தாங்கள் எண்டால்."

"நீங்க அதுக்காக நிக்கலியே சார்." அவள் குரல் உயரவே இல்லை. "முடியாத காரியத்தைச் சொல்லி ஏமாத்தியிருந்தா, ஏமாந்துட்டேன்னு விட்டிருப்பேன். நடக்கக்கூடிய ஒரு நல்ல காரியத்தைக் காட்டி ஏமாத்தினீங்க. அந்த லைன்ல இருக்கிறவங்க இனிமே யாராச்சும் நெஜமாவே நல்ல சூளை கொண்டுவந்தாலும் நம்புவாங்களா? நானே நம்புவேனா?"

சண்முகரத்தினம் அந்தச் சின்ன நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வரட்டே?" என்று கேட்டு எழுந்து போனார். கெர்ட்ரூட் வாசல் வரை போகவில்லை. பிள்ளைகளின் வண்ணக்குச்சிகளை நிறம் பார்த்து டப்பாக்களில் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். நானும் போய் உட்கார்ந்து பிரித்தேன்.

பள்ளி விடுமுறைகளில் அவள் பேருந்து பிடித்துக் கிள்ளானுக்குப் போவாள். ஒரு முறை நானும் கூடப் போனேன். சூளை இருந்த இடத்தில் யாரோ மரச்சாமான் கிடங்கு வைத்திருக்கிறார்கள். பின்னால் அந்த வீட்டு வரிசை அப்படியே இருக்கிறது. இராஜம்மாவின் தோசைக் கடையில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் அவர் நிமிர்ந்து கெர்ட்ரூடைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கி வருகிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னா வேணும் மிஸ்ஸி?" என்றார்.

"ரெண்டு தோசைக்கா," என்றாள் கெர்ட்ரூட்.